நாற்பது கம்பியும் ஒரே அளவு

பெரியகல்லாற்றுக் கனகசிங்கத்துக்குக் கண் இரண்டும் நல்ல கண்தான். ஆனால் சைக்கிள் சில்லின் நெளிவு எடுக்க உட்கார்ந்தால் இடது கண்ணை மூடிக்கொள்வார். மூடிக்கொண்டு, சுழலும் சில்லை வலது கண்ணால் பார்த்து, "இஞ்ச" என்று விரலை வைத்தால் நெளிவு அந்த இடத்தில்தான் இருக்கும். கல்முனையிலிருந்து ஆரையம்பதி வரைக்கும் சைக்கிள்காரனோ மோட்டார் சைக்கிள்காரனோ அதற்குமேல் கேள்வி கேட்கமாட்டான். "கனகசிங்கத்தார் பாத்திட்டாரா? மறுகா என்ன!" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். ஒரு மனிதனுக்கு இப்படிப் பேர் வருவது நல்லதுதான், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் பேர் என்பது நாம் கட்டி மேய்க்கிற ஆடு இல்லை. கொஞ்சம் அசந்தால் அது நம்மையே மேய்க்கத் தொடங்கிவிடும். கனகசிங்கத்துக்கு ஐம்பத்தெட்டாவது வயதில் அது நடந்தது.

அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. சண்டைக் காலத்தில் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்கு, பெற்றோல் போகாது. சைக்கிள்தான் லொறி. இரண்டு மூடை நெல்லையும் ஒரு நோயாளியையும் ஒரே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தவர்களை மண்முனைத் துறையடியில் அவர் கண்ணால் கண்டிருக்கிறார். வரும் சைக்கிள்களில் பாதியின் பின்சில்லு அப்பளம்போல் நெளிந்திருக்கும். வேறு பிழைப்பில்லாத இருபது வயதுக் கனகசிங்கம் துறையடியில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தார். முதல் பத்துச் சில்லையும் நாசமாக்கினார், பேச்சும் வாங்கினார். பதினோராவது நேராக வந்தது. பிறகு தேற்றாத்தீவு இராசாத்தியைக் கட்டினார், ரோட்டோரத்தில் கடை போட்டார், கடல் வந்த வருசம் கடையைக் கடலுக்குக் கொடுத்தார். சுவரும் கூரையும் போய், கதவு மட்டும் வாவிக்கரைக் கண்டல் பற்றைக்குள் கிடந்தது. அந்தக் கதவைத் தூக்கிவந்து, அதற்கு ஏற்றபடி புதுக் கடையைக் கட்டினார்.

கதவைத் தேடி எடுத்ததற்குக் காரணம் உண்டு. கனகசிங்கத்திடம் ஒரு முறை இருந்தது. பழைய சில்லின் கம்பிகளை அவிழ்ப்பதற்கு முன்னால், சில்லைப் படுக்கவைப்பார். நடுவிலிருக்கும் ஹப்பின் மேல் ஒரு மட்டப்பலகையை வைப்பார். அந்தப் பலகையிலிருந்து றிம் எவ்வளவு கீழே நிற்கிறது என்று ஒரு தென்னை ஈர்க்கை நறுக்கி அளப்பார். ஈர்க்கின் நீளத்தை ஆணியால் கதவில் கீறி, பக்கத்தில் ஆளின் பெயரை எழுதுவார். ஏனென்றால் எல்லாச் சில்லிலும் றிம் ஹப்புக்கு நடுவில் நிற்பதில்லை. சில வண்டிகளில், சங்கிலிக்கும் பிறேக்குக்கும் இடம் விட்டு, ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும். அது எவ்வளவு என்று பழைய சில்லுக்குத்தான் தெரியும். அவிழ்த்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். "அவிழ்க்க முந்தி ஈர்க்கு" என்பது அவருக்கு வேத வாக்கு. கதவில் முந்நூறு கோட்டுக்குக் குறையாமல் இருக்கும்.

நிரோசனின் பெயர் மட்டும் அந்தக் கதவில் இல்லை. கதையே அதுதான்.

நிரோசன் கொக்கட்டிச்சோலைக்காரன். கட்டாரில் ஒன்பது வருடம் கராஜில் வேலை செய்துவிட்டு வந்தவன். வயல்வட்டை ஓரக் கொட்டில் ஒன்றில், கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டுபிடித்து வாங்கினான். அதைப் பழையபடி ஆக்க அவனுக்கு எண்ணமில்லை. ஒற்றை இருக்கை, அகல றிம், மினுங்குகிற கம்பிச் சில்லு என்று அவன் மனதில் வேறொரு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. செய்கிற ஒவ்வொரு வேலையையும் போனில் படம் பிடித்து யூரியூப்பில் போடுவான். பார்க்கவும் ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள்.

வண்டியின் பிறேம் பின்பக்கம் துரு தின்றிருந்தது. "இதை ஆரிட்ட அண்ணன் குடுக்கிற?" என்று நிரோசன் கேட்டபோது, "காத்தான்குடி ஜிப்ரியிட்டக் குடு" என்று சொன்னவரே கனகசிங்கம்தான். ஜிப்ரி அதுவரைக்கும் கேற்றும் யன்னல் கம்பியும் வெல்டிங் செய்தவன். கனகசிங்கம் சில்லை மாட்டிச் சுழற்றுகிற இரும்புத் தாங்கி இருக்கிறதே, அது ஜிப்ரி செய்து கொண்டுவந்து தந்தது. "நீங்க தலைகீழாப் போட்ட சைக்கிள்ல வேல செய்றதப் பாக்க ஏலாது அண்ணன்" என்று சொல்லி இறக்கி வைத்துவிட்டுப் போனவன். நிரோசனின் வண்டி அவனுக்கு முதல் பிறேம். பழைய குழாயை வெட்டியெடுத்துப் புதுக் குழாய் வைத்து ஒட்டி, நூல் பிடித்து, நேர் பார்த்து முடித்த அன்று கனகசிங்கத்துக்குப் போன் எடுத்தான்.

"அண்ணன், இது சரிவந்தா கேற் அடிக்கிறத விட்டிருவன். இன்சா அல்லாஹ், இனிப் பிறேம்தான்."

"நீ வெல்லுவாய்டா" என்றார் கனகசிங்கம். மனதாரத்தான் சொன்னார்.

பிறேம் ஜிப்ரியிடம் நின்றபடியால் நிரோசன் சில்லுகளை மட்டும் ஆட்டோவில் கொண்டுவந்தான். ஒரு பின்னேரம், கடை வாசலில் வெயில் சாய்ந்து நல்ல வெளிச்சம். போனை ஒரு தாங்கியில் நிறுத்தினான். கனகசிங்கம் அன்று முகச்சவரம் செய்து, பெட்டிக்குள் கிடந்த நல்ல சட்டையைப் போட்டிருந்தார். இராசாத்தி ஜன்னலால் பார்த்து, "மாப்பிள்ளைக்கு இன்னும் பூமாலை மட்டும்தான் குறை" என்று சிரித்தாள்.

முன்சில்லு, றிம் நடுவில் நிற்கிற நேரான சாதி, ஈர்க்கு தேவையில்லை. அதை முதலில் செய்து முடித்தார். பின்சில்லுக்கு வந்தார். பழக்க தோசத்தில் கை மட்டப்பலகையையும் ஈர்க்கையும் எடுத்துவிட்டது.

"அது என்னத்துக்கு அண்ணன்?" என்றான் நிரோசன். "கண்ணாலயே அளக்கிற மனுசன் எண்டுதானே நான் தலைப்புப் போட்டு வெச்சிருக்கன். ஈர்க்கையெல்லாம் காட்டினா ஒரு கெத்தும் இல்ல."

கனகசிங்கம் ஈர்க்கைக் கீழே வைத்தார்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் அவர் கையைப் பிடித்து முறுக்கவில்லை. போனை ஒரு நிமிடம் நிற்பாட்டச் சொல்லி அளந்திருக்கலாம். படம் எடுத்து முடிந்த பிறகு வெட்டுகிறேன் என்றிருக்கலாம். முந்நூறு சில்லுக்குச் செய்ததை முந்நூற்றோராவதுக்குச் செய்யாமல் விட்டது எதற்காக? கெத்துக்காக. ஐம்பத்தெட்டு வயது மனிதனுக்குக் கெத்து!

குறட்டை எடுத்து, துருப்பிடித்த நாற்பது கம்பியையும் றிம் ஓரமாக டக் டக்கென்று நறுக்கினார். கையில் வந்த ஒரு கம்பியை உயர்த்திப் போனுக்குக் காட்டினார். "இதான் அளவு. நாப்பதும் இந்த அளவு." இடது கண்ணை வேறு மூடிக் காட்டினார். நிரோசன் அந்த ஒரு கம்பியைக் கொழும்புக்கு அனுப்பி, அதே அளவில் நாற்பது மினுங்கல் கம்பி செய்வித்தான்.

கம்பி வந்ததும் இரண்டு நாள் உட்கார்ந்து கோத்தார். ஜிப்ரியின் தாங்கியில் சில்லை மாட்டி, றிம்மின் ஓரத்தில் ஈர்க்கு நுனியை வைத்துச் சுழற்றினார். நெளிவு இருந்தால் ஈர்க்கு அந்த இடத்தில் சரக்கென்று உரசும். ஒரு சத்தமில்லை. அப்படியொரு சில்லை அவரே இதற்குமுன் கட்டியதில்லை. படத்தை அறுபதாயிரம் பேர் பார்த்தார்கள். மகள் அஜந்தா போனைக் காட்டி, கனடாவிலிருந்தெல்லாம் எழுதியிருப்பதை வாசித்தாள். கனகசிங்கம் இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

அடுத்த கிழமை நிரோசன் சில்லைத் தன் வீட்டில் வைத்து வண்டிக்குப் பூட்டி, அதை முதல் முறையாக ஓட்டிக்கொண்டு மண்முனைப் பாலத்துக்கு வந்தான். ரோட்டு நேர், இரண்டு பக்கமும் தண்ணீர். கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்தினால் வண்டி இடப்பக்கம் இழுத்துக்கொண்டு வாவியைப் பார்த்துப் போனது. முகம் வெளுத்துப்போய் நேரே பெரியகல்லாற்றுக்கு வந்து சேர்ந்தான். பின்டயர் இடப்பக்கக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது, ஒரு விரல் நுழையவில்லை. வலப்பக்கம் ஒரு விரல் தாராளமாக நுழைந்தது.

இறங்கும்போதே போன் கையில் இருந்தது. "அண்ணன், என்ன பிழை?"

கனகசிங்கம் பின்னால் போய்க் குந்தினார். இடது கண்ணை மூடினார்.

"சில்லில பிழையில்ல" என்றார். "பிறேம் கோணல்."

அந்த நேரத்தில் அவர் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். தன் சில்லு பிழைக்கும் என்ற எண்ணமே அவர் தலைக்குள் வரவில்லை. பொய் பிறகுதான் வந்தது.

அன்று மாலையே அந்தப் படமும் யூரியூப்பில் ஏறிவிட்டது. அஜந்தா வாசித்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். "இது நம்மட கிரிசாந்த் அண்ணன் எழுதியிருக்கார் அப்பா." கிரிசாந்த் இராசாத்தியின் அக்காள் மகன். "அவனுகளிட்டக் குடுத்தா இப்படித்தான். நம்மட ஆக்களிட்டக் குடுத்திருக்கணும்" என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே அதைவிட மோசமாக எழுத ஆட்கள் வந்திருந்தார்கள். வெல்டிங்கை விட்டுவிட்டு மார்க்கத்தையும் ஊரையும் இழுத்திருந்தார்கள்.

"விடு புள்ள, பொடியன்மார் எழுதுவானுகள்" என்று சொல்லிவிட்டுக் கனகசிங்கம் தேத்தண்ணியைக் குடித்தார்.

மறுநாள் ஜிப்ரியின் போன் வந்தது. கோபமாக வந்திருந்தால் இவருக்கு லேசாக இருந்திருக்கும். அவன் குரல் இறங்கியிருந்தது.

"அண்ணன், எவ்வளவு கோணல்?"

"அரை விரல் இருக்கும்."

"நூல் பிடிச்சுத்தான் ஒட்டினன் அண்ணன்" என்றான். "சரி. நீங்க சொன்னாச் சரிதான். நிரோசன் வண்டியக் கொண்டாந்து விட்டிருக்கார். சனிக்கிழமை காலமை வெட்டித் திருப்பி ஒட்டுறன்."

அது புதன்கிழமை. அன்று பத்து மணிபோல இராசாத்தி கொல்லையில் மிளகாய்க் கன்றுகளுக்கு வேலி போட்டுக்கொண்டிருந்தாள். கோழி கிளறுகிறது என்று, நிரோசனின் பின்சில்லிலிருந்து நறுக்கிக் கடைக்குள் கட்டிவைத்திருந்த பழைய கம்பிகளை எடுத்து நிலத்தில் குத்தி, மேலே கிழிந்த வலைத்துண்டைக் கொழுவியிருந்தாள். வலை ஏறியும் இறங்கியும் நின்றது.

"இஞ்சாருங்க, உங்கட கம்பியில பாதி கட்டை, பாதி நெட்டை. வேலி கோணலா நிக்கிது."

"எல்லாம் ஒரே அளவு. உனக்குத்தான் குத்தத் தெரியல்ல" என்றார் கனகசிங்கம் சிரித்துக்கொண்டு.

"ஓமோம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். வந்து பாருங்க வாத்தியார்."

இரண்டு கம்பியைப் பிடுங்கி, மண்ணைத் துடைத்து, அவர் கண்ணுக்கு முன்னால் சேர்த்துப் பிடித்தாள். ஒன்று மற்றதைவிட ஒரு நெல்மணி நீளம் கட்டை. கனகசிங்கத்தின் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. குந்தினார். எல்லாக் கம்பியையும் பிடுங்கினார். சேர்த்துச் சேர்த்துப் பார்த்தார். இருபது கட்டை, பத்தொன்பது நெட்டை, கொழும்புக்கு அனுப்பிய ஒன்றோடு நெட்டையும் இருபது. ஒரு பக்கத்துக்குக் கட்டை, மறுபக்கத்துக்கு நெட்டை. றிம் ஹப்புக்கு நடுவில் நிற்கிற சில்லில்லை அது. ஒரு பக்கமாக அரை விரல் தள்ளி நிற்க வேண்டிய சில்லு. அவர் ஒரு கம்பியைத் தூக்கிக் காட்டி, நாற்பதையும் ஒரே அளவில் செய்வித்து, நெளிவே இல்லாத ஒரு சில்லை இருக்கக்கூடாத இடத்தில் கட்டிவைத்திருக்கிறார்.

ஜிப்ரியின் பிறேம் நேர். கோணல் இவரிடம்.

"என்ன, முகம் கறுத்துப்போச்சு?" என்றாள் இராசாத்தி.

"ஒண்டுமில்ல" என்றார். பொய் இங்கேதான் பிறந்தது.

உடனே போன் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்று நினைத்தார். பின்னேரம் எடுப்போம், நாளைக்கு எடுப்போம். வெட்கம் இருக்கிறதே, அது சாவு வீட்டு மோளம் மாதிரி வெளியில் அடிக்காது. உள்ளே கிடந்து நமைக்கும். கடைக்குள் போனால் ஜிப்ரியின் தாங்கி நின்றது. கதவைப் பார்த்தால் முந்நூறு கோடும் இவரைப் பார்த்தன. அறுபதாயிரம் பேர் என்று அடிக்கடி நினைத்துக்கொண்டார். அத்தனை பேருக்கு முன்னால் இடது கண்ணை மூடிக் காட்டினோமே என்று நினைக்கும்போதெல்லாம் காது சுட்டது.

வியாழக்கிழமை களுவாஞ்சிகுடிக்காரர் ஒருவர் சில்லு நெளிவெடுக்க வந்தார். "என்ட வண்டிப் பிறேமையும் அந்தக் காத்தான்குடிப் பொடியனிட்டத்தான் குடுக்க இருந்தன்" என்றார். "நல்ல காலம், உங்கட வீடியோவப் பாத்தன். தப்பினன்."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் கடவுளே வந்து தந்தாலும் கிடைக்காது. "இல்ல, பிழை என்ட" என்று மூன்று சொல் சொன்னால் போதும். கனகசிங்கம் சில்லைச் சுழற்றிக்கொண்டு, "ம்" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு இராசாத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஏசுவாள் என்றுதான் எதிர்பார்த்தார். ஏசவில்லை. கிரிசாந்த் எழுதியதைத்தான் முதலில் கேட்டாள்.

"அதையும் வாசிச்சிட்டுத் தேத்தண்ணி குடிச்சிங்களா?"

"ஓம்."

"நாளைக்கு முதல் பஸ்ஸில போங்க" என்றாள். "போனில சொல்லுற விசயமில்ல இது."

முதல் பஸ்ஸில்தான் ஏறினார். இரண்டு கம்பியையும், ஒரு கட்டை ஒரு நெட்டை, பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டார். காத்தான்குடியில் இறங்கினார். ஜிப்ரியின் பட்டறை இரண்டு ஒழுங்கை தள்ளி. அங்கே போகாமல் பிரதான வீதித் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து ஒரு பிளேன் டீ கேட்டார். அது முடிய இன்னொன்று. முதலில் சுகம் விசாரிப்பதா, நேரே விசயத்துக்கு வருவதா, கம்பியை முதலில் காட்டுவதா என்று சொல்லப்போவதை மனதுக்குள் கோத்தும் அவிழ்த்தும் கொண்டிருந்தார். இரண்டாவது கோப்பை பாதியாக இருக்கும்போது கிறைண்டர் சத்தம் கேட்டது. எத்தனையோ பட்டறை இருக்கிற ஊர் அது, யாருடைய கிறைண்டராகவும் இருக்கலாம். ஆனால் கனகசிங்கம் கோப்பையை வைத்துவிட்டு ஓடினார். இடுப்பில் கட்டிய சாரம் காலைத் தட்ட, செருப்பு ஒன்று கழன்று போக, ஐம்பத்தெட்டு வயதில் அந்த ஒழுங்கையால் ஓடினார்.

ஜிப்ரிதான். வண்டியைக் கட்டி நிறுத்தி, பின்சில்லைக் கழற்றிவைத்து, இடப்பக்கக் குழாயில் தீப்பொறி பறக்க வெட்டிக்கொண்டிருந்தான். கனகசிங்கம் கத்தினார், அவனுக்குக் கேட்கவில்லை. சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். கிறைண்டர் ஊளையிட்டு அடங்கியது.

குழாயில் பாதி வெட்டு விழுந்திருந்தது. ஒரு பிளேன் டீ நேரத்து வெட்டு.

கோத்துவைத்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டுப் பேப்பரைப் பிரித்து இரண்டு கம்பியையும் சேர்த்துப் பிடித்தார்.

"ஜிப்ரி, பிழை என்ட. அளக்காம வெட்டிட்டன். உன்ட பிறேம் நேர்."

ஜிப்ரி கண்ணாடியைக் கழற்றினான். கம்பிகளைப் பார்த்தான். அவரைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும் அண்ணன்" என்றான்.

"என்ன?"

"வண்டி வந்த அண்டே நூல் பிடிச்சன். நாலு தரம் பிடிச்சன். நேராத்தான் இரிக்கி."

"மறுகா என்னத்துக்குடா வெட்டினாய்?"

"நீங்க கோணல் எண்டிட்டிங்க." கிறைண்டரைக் கீழே வைத்தான். "நான் நேர் எண்டு சொன்னா ஆர் கேக்கப் போறா? வெட்டி ஒட்டினா, சரி, பிழைவிட்டான், திருத்திட்டான் எண்டாவது சொல்லுவாங்க. அதுதான் வெட்டினன்."

கனகசிங்கம் அங்கே கிடந்த ஒரு கேற் துண்டின் மேல் உட்கார்ந்தார். அழுகை வந்தது, அடக்கவும் இல்லை. தன் பேர் இவ்வளவு பெரிது என்று அவர் அன்றுதான் கண்டார். நேராக இருக்கிற இரும்பைக் கோணல் என்று ஒருவன் தன் கையாலேயே வெட்டுகிற அளவுக்குப் பெரிது.

"எப்ப அண்ணன் தெரிஞ்ச உங்களுக்கு?" என்று கேட்டான் ஜிப்ரி.

"நேத்து" என்று சொல்ல நாக்கு எழுந்தது. சொல்லவில்லை. "புதன்கிழமை" என்றார். "நீ போன் எடுத்த அண்டைக்கே."

ஜிப்ரி நாளைக் கணக்குப் பார்க்கிறவன்போல விரலை மடித்தான். "ஒரு போன் எடுத்திருக்கலாமே அண்ணன்" என்றான். வீட்டுக்குள் பார்த்து, "ஸுஹைனா, கனகண்ணனுக்குத் தேத்தண்ணி" என்று குரல் கொடுத்தான். வந்த தேத்தண்ணியைக் கனகசிங்கத்தால் குடிக்க முடியவில்லை.

நிரோசனை வரச்சொன்னார்கள். விசயத்தைக் கேட்டதும் அவன் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான். "சரி அண்ணன், நடந்தது நடந்திட்டு. சில்லத் திருத்துவம். இத வெளியில விட வேணாம், உங்கட பேர் கெட்டுப்போகும்."

"ஜிப்ரிட பேர் கெடேக்க நீ போனைப் பைக்குள்ளயா வெச்சிருந்தாய்?" என்று கனகசிங்கம் பாய்ந்தார். பிறகு தணிந்து, "எனக்கும் சேத்துத்தான் கேட்டுக்கிறன், மனே. எடு வெளியில" என்றார்.

அதே பட்டறையில் படம் எடுத்தார்கள். ஈர்க்கு, மட்டப்பலகை, கட்டைக் கம்பி, நெட்டைக் கம்பி எல்லாவற்றையும் காட்டினார். அளக்காமல் வெட்டியதையும், புதன்கிழமை தெரிந்ததையும், சனிக்கிழமை வரைக்கும் வாய் திறக்காததையும் சொன்னார். குழாயில் விழுந்த பாதி வெட்டில் விரலை வைத்து, "இது என்னால விழுந்தது" என்றார். ஜிப்ரி படத்துக்குள் வரமாட்டேன் என்று சுவரோரம் நின்றுகொண்டான். வெட்டை அவன் ஒட்டி அராவினான். பார்க்கிறவனுக்குத் தெரியாது, தடவினால் தெரியும். சில்லின் அளவை ஜிப்ரியின் பிறேமிலிருந்தே எடுத்தார்கள், வேறு சாட்சி இல்லை. அந்த ஈர்க்கின் நீளத்தைக் கதவில் கீறிய கனகசிங்கம், பக்கத்தில் வண்டிக்காரனின் பெயரை எழுதாமல் ஜிப்ரி என்று எழுதினார். புதுக் கம்பி இருபது வந்தது, சில்லைக் கோத்தார். மண்முனைப் பாலத்தில் நிரோசன் இரண்டு கையையும் விட்டு ஓட்டினான், வண்டி நேரே போனது.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. அடுத்த ஞாயிறு மத்தியானம் அஜந்தா போனோடு வந்து உட்கார்ந்தாள். கனகசிங்கம் ஏச்சு வாங்கத் தயாராக இருந்தார். சொல்லப்போனால் ஏச்சுக்கு ஆசைப்பட்டார்.

"'இந்தக் காலத்தில இப்படி ஒரு நேர்மையான மனுசனா' எண்டு எழுதியிருக்காங்க அப்பா. 'பெரிய மனுசன் பெரிய மனுசன்தான்.' 'ஆனைக்கும் அடி சறுக்கும், நீங்கதான் ஐயா எப்பவும் நம்பர் வன்.' எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்காங்க."

"ஜிப்ரிட பேரை ஆரும் எழுதியிருக்காங்களா?"

அஜந்தா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். கீழே, இன்னும் கீழே. நூற்று எழுபத்து மூன்று பேர் எழுதியிருந்தார்கள்.

"இல்ல அப்பா."

"கிரிசாந்த் எழுதினது?"

"அது அந்தப் பழைய வீடியோவில அப்படியேதான் இருக்கு. அத இன்னும் ஆக்கள் பாத்துக்கொண்டுதான் இருக்காங்க. புதுச ரெண்டாயிரம் பேர்தான் பாத்திருக்கிற."

கனகசிங்கத்துக்குக் காது மறுபடியும் சுட்டது. பிழை விட்டதற்கும் அவருக்கே மாலை. பழி சுமந்தவன் சுவரோரம் நின்றபடி நிற்கிறான். ஒப்புக்கொண்டதிலும் இலாபம் தன் பக்கமே விழுந்துவிட்டதே என்று நினைக்க, முதல் வெட்கத்தைவிட இது பெரிதாக இருந்தது.

"போனைத் தா" என்றார்.

"நான் எழுதுறன் அப்பா, சொல்லுங்க."

"இல்ல, எழுத்து எங்கயிருக்கு எண்டு மட்டும் காட்டு."

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் பழைய படத்துக்குக் கீழே, கிரிசாந்த் எழுதியதற்கு நேர் கீழே, முதலில் எழுதினார். "ஜிப்ரி ஒட்டினது நேர். பிழை விட்டது உன்ட கனகசிங்கம் சித்தப்பா. நம்மட ஆள்தான்." எழுதி முடிக்கக் கால் மணி நேரம் சென்றது. பிறகு புதுப் படத்துக்கு வந்து, நேர்மையான மனுசன் என்று எழுதிய முதல் ஆளுக்கு, "பிறேம் செய்தது காத்தான்குடி ஜிப்ரி. அது நேர்" என்று எழுதினார். இரண்டாவது ஆளுக்கும் அதையே எழுதினார். ஒரே பேச்சைத் திருப்பித் திருப்பி ஒட்ட ஒரு வழி இருக்கிறது, விரலால் அழுத்தினால் போதும் என்று அஜந்தா சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டார்.

இராசாத்தி வந்து எட்டிப் பார்த்தாள். "எத்தின பேருக்கு?"

"நூத்தி எழுவத்தி மூண்டு."

"சோறு ஆறுது."

"ஆறட்டும்" என்றார் கனகசிங்கம். இடது கண்ணை மூடவில்லை. இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு, மூன்றாவது ஆளுக்கு "பி" எங்கே இருக்கிறது என்று தேடினார்.